103ஆம் மாடியின் மேற்குப் பக்கம்

சிகாகோவுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அவர்களை அழைத்துப்போக ஒரு சுற்று உண்டு. லெமான்ட் ராமர் கோயில், அரோரா பாலாஜி கோயில், மிலேனியம் பூங்காவில் அந்தப் பளபளப்பான 'பீன்' சிற்பத்துக்கு முன்னால் ஒரு குடும்பப் படம், டெவான் அவென்யூவில் மத்தியானச் சாப்பாடு, அப்புறம் வில்லிஸ் டவர். நேப்பர்வில், அரோரா பக்கம் குடியிருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஏறக்குறைய இதையேதான் சொல்வார்கள். நேரமில்லை என்றால் இதில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம், டவரை மட்டும் விட முடியாது. "அவ்வளவு தூரம் போயிட்டு அந்தக் கண்ணாடிப் பெட்டியில நிக்கலையா?" என்று ஊருக்குத் திரும்பியதும் கேட்பார்கள்.

அந்தக் கண்ணாடிப் பெட்டியோடு எனக்கு ஒரு சின்னப் பிணக்கு உண்டு. முதலில் அதைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். வில்லிஸ் டவரில் 103ஆம் மாடியில், தரையிலிருந்து 412 மீட்டர் உயரத்தில், 'ஸ்கைடெக்' என்ற பார்வைத் தளம் இருக்கிறது. கட்டடத்தின் மேற்குச் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு சில கண்ணாடிப் பெட்டிகள். 'தி லெட்ஜ்' என்று பெயர். 2009 ஜூலையில் திறந்தார்கள். சுமார் 1.3 மீட்டர்தான் வெளியே நீளும், ஆனால் தரையும் கண்ணாடி. காலுக்குக் கீழே வாக்கர் டிரைவில் கார்கள் ஊர்வது தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம். உள்ளே போ, உட்கார், படம் எடு, வெளியே வா. அடுத்தவர்.

பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அரை அங்குலக் கண்ணாடி மூன்றை ஒன்றாக ஒட்டிச் செய்தது, ஐந்து டன் தாங்கும் என்கிறார்கள். 2014 மே மாதம் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தபோது காலடியில் விரிசல் ஓடியது, செய்தி உலகம் முழுக்கப் போனது. உடைந்தது தாங்கும் கண்ணாடி அல்ல. அதில் கீறல் விழாமல் இருக்க மேலே பூசியிருந்த மெல்லிய பூச்சு. 2019இல் மறுபடி ஒருமுறை அதே போல் நடந்தது. கட்டடத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லை. உள்ளே நின்றவர்களிடம் அந்த நேரத்தில் இந்த விளக்கத்தைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

என் பிணக்கு அதில் இல்லை. முப்பது டாலருக்கு மேல் கொடுத்து, நானூறு மீட்டர் உயரம் ஏறிப்போய், எல்லாரும் தங்கள் கால்விரலைப் பார்த்துவிட்டு வருகிறார்களே, அதுதான். ஊரைப் பார்க்க வந்தவர்கள் ஊரைப் பார்ப்பதே இல்லை. பெட்டிக்கு வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க எதிரே மேற்குத் திசை திறந்து கிடக்கிறது. அந்த வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கிறார்கள்.

இதைப் பல காலமாக வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தேன். போன கோடையில் சித்தப்பா வந்திருந்தபோதுதான் சரியான துணை கிடைத்தது.

சித்தப்பா திருச்சிக்காரர். சென்ட்ரிங் வேலையில் தொடங்கி, மேஸ்திரியாகி, பிறகு தானே வீடுகள் எடுத்துக் கட்டிக்கொடுத்தவர். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கட்டுமானம் நடக்கிற இடத்தைப் பார்ப்பார். ஜாக்கி எப்படி வைத்திருக்கிறான், பலகை என்ன பலகை, கம்பி எத்தனை எம்.எம். என்று ஆரம்பித்துவிடுவார். அவரை உலகத்திலேயே ஒரு காலத்தில் மிக உயரமாக இருந்த கட்டடத்துக்குக் கூட்டிப்போவதென்றால் எனக்கே ஆவலாக இருந்தது.

காரில் போகவில்லை. நகரத்துக்குள் வண்டியை நிறுத்தக் கொடுக்கிற காசில் இரண்டு பேர் ரயிலில் போய் வந்துவிடலாம். நேப்பர்வில் நிலையத்தில் மெட்ரா ரயிலில் ஏறி மாடி இருக்கையில் உட்கார்ந்தோம். சிகாகோவுக்குள் நுழைகிற இந்த ரயில் பாதைகளுக்கு ஒரு வசதி: ஊர் முழுக்கத் தட்டை. மலை கிடையாது, மேடு கிடையாது. அதனால் டவர் வெகு தூரத்திலேயே தெரிய ஆரம்பித்துவிடும், கறுப்பாக, தலையில் இரண்டு வெள்ளை ஆன்டெனாக்களோடு. யூனியன் ஸ்டேஷனில் இறங்கி ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் எதிரே நிற்கிறது. கழுத்தை எவ்வளவு வளைத்தாலும் உச்சி தெரியாது.

கீழ்த்தளத்தில் பாதுகாப்புச் சோதனை, சிகாகோவைப் பற்றிய காட்சிக்கூடம், எல்லாம் தாண்டி லிஃப்டுக்கு வர வேண்டும். லிஃப்ட் ஏற ஒரு நிமிடம்தான். பாதியில் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் சரியாகிவிடும்.

மேலே கதவு திறந்ததும் எல்லாரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். சித்தப்பா மேலே பார்த்தார், இரண்டு பக்கமும் பார்த்தார், திரும்பி லிஃப்ட் இருக்கிற நடுச்சுவரைப் பார்த்தார்.

"என்னடா தம்பி, பில்லரையே காணோம்?"

இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். அங்கே வருகிற ஆயிரம் பேரில் ஒருவர்கூட அதைக் கேட்பதில்லை.

பழைய உயரக் கட்டடங்களில் உள்ளே நடந்தால் தூண்களுக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் எழுந்தது அப்படித்தான். தூணும் உத்திரமுமாகப் பின்னிய எஃகுச் சட்டகம். உயரம் கூடக் கூட எடையைத் தாங்குவது பெரிய சிக்கல் இல்லை. காற்றைத் தாங்குவதுதான் சிக்கல். பக்கவாட்டில் தள்ளுகிற காற்றுக்கு ஈடுகொடுக்க மேலும் மேலும் எஃகைக் கொட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி சொன்னவர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்தவர். அங்கேயே பொறியியல் படித்து, 1952இல் உதவித்தொகையில் இலினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1955இல் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் என்ற சிகாகோ நிறுவனத்தில் சேர்ந்தார். அவருடைய யோசனையைக் கேட்டால் இவ்வளவுதானா என்று இருக்கும். தூண்களை உள்ளே பரப்பி வைக்காதே. எல்லாவற்றையும் வெளிச்சுவருக்குக் கொண்டுபோ, நெருக்கமாக நிறுத்து, கனமான உத்திரங்களால் இறுக்கிக் கட்டு. மொத்தக் கட்டடமும் ஒரு குழாய் ஆகிவிடும். காற்றை அந்தக் குழாய் எதிர்கொள்ளும், உள்ளே இடம் காலியாகக் கிடக்கும்.

வில்லிஸ் டவருக்கு ஒரு குழாய் போதவில்லை. ஒன்பது குழாய்களைச் சேர்த்து நிறுத்தினார். ஒவ்வொன்றும் 75 அடிக்கு 75 அடி, மூன்றுக்கு மூன்றாக. பொங்கலுக்குச் சந்தையில் சாத்தி வைக்கிற கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கரும்பு வளையும், கட்டு வளையாது. கட்டடக் கலைஞர் ப்ரூஸ் கிரஹாம் ஒரு கை நிறைய சிகரெட்டுகளை எடுத்து, சேர்த்துப் பிடித்து, உயரத்தை ஏற்றியும் இறக்கியும் இந்த வடிவத்தைக் கானுக்குக் காட்டினார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

எல்லாக் குழாய்களும் உச்சி வரை போவதில்லை. இரண்டு 50ஆம் மாடியில் நின்றுவிடுகின்றன, இரண்டு 66இல், மூன்று 90இல். மிச்சம் இரண்டுதான் மேலே ஏறுகின்றன. நடுவில் இருப்பதும், அதற்கு மேற்கே இருப்பதும். நாம் நிற்கிற 103ஆம் மாடி அந்த இரண்டின் மேல்தான். ஆகவே கட்டடத்தின் மேற்குச் சுவரின் நடுப்பகுதி ஒன்றுதான் தரையிலிருந்து உச்சி வரை எங்கும் உள்வாங்காமல் ஒரே நேராக ஏறுகிறது. மற்ற மூன்று பக்கமும் கீழே குனிந்து பார்த்தால் 90ஆம் மாடியின் கூரை குறுக்கே வரும். கண்ணாடிப் பெட்டிகள் மேற்கில் இருப்பதும், அங்கே மட்டும் காலுக்கு நேர் கீழே தெரு தெரிவதும் இதனால்தான்.

சித்தப்பாவை ஜன்னல்களுக்கு நடுவில் இருக்கிற அகலமான கட்டை ஒன்றிடம் அழைத்துப்போனேன். "இதுதான் பில்லர். பதினஞ்சு அடிக்கு ஒண்ணு." கைவைத்து அமுக்கிப் பார்த்தார். பிறகு தரையைக் காலால் தட்டினார். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் 75 அடி குறுக்கே தூணே இல்லாமல் போகிறது என்றதும் நம்பவில்லை. "நம்ம ஊர்ல இருபது அடி ஸ்பான் போனாலே பீம் உயரம் ஏறிரும், வீட்டுக்காரன் தலை இடிக்குதும்பான். எழுபத்தஞ்சா?" பீம் அல்ல, கம்பி வேலைப்பாடு போன்ற எஃகுச் சட்டம், காங்கிரீட் தூண்கள் கிடையாது, 76,000 டன் எஃகு என்றேன். தூணையும் பாதி உத்திரங்களையும் ஆலையிலேயே இரண்டு மாடி உயரத்துக்குச் சேர்த்துப் பற்றவைத்து, லாரியில் கொண்டுவந்து, இங்கே தூக்கி நிறுத்தி போல்ட் போட்டார்கள். 1970 ஆகஸ்டில் வேலை ஆரம்பம், 1973 மே மாதம் கடைசி உத்திரம் ஏறிவிட்டது. அதைக் கேட்டதும்தான் அவருக்கு உண்மையான மரியாதை வந்தது. "மூணு வருசத்துலயா? நம்ம பஸ் ஸ்டாண்டு…" என்று ஆரம்பித்தவர், பக்கத்தில் ஒரு வயதான தமிழ் தம்பதி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் வழக்கமான கேள்வி. சதுர அடிக்கு என்ன ஆச்சு? மொத்தம் சுமார் 45 லட்சம் சதுர அடி, அந்தக் காலத்தில் 15 கோடி டாலருக்கு மேல் செலவு. நின்ற இடத்திலேயே வகுத்துப் பார்த்தார். முப்பத்திச் சொச்சம் டாலர். "பரவாயில்லை" என்றார்.

கட்டடம் ஆடுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஆடும். சாதாரணமாக ஒரு சாண் அளவுக்கு, பெருங்காற்றில் மூன்றடி வரை போனாலும் தாங்கும்படி கணக்குப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் போன நாளில் ஒன்றும் தெரியவில்லை.

கானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த டவர் மாடி மாடியாக ஏறிக்கொண்டிருந்த 1971இல்தான் அவருடைய ஊரில் போர். பகலில் அலுவலகத்தில் உலகத்தின் மிக உயரமான கட்டடத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், அதே நாட்களில் சிகாகோவில் இருந்த வங்காளிகளைத் திரட்டி நிவாரண நிதிக்கு ஓர் அமைப்பு தொடங்கினார். அமெரிக்க அரசியல்வாதிகளிடம் போய் வாதாடினார். ரவீந்திர சங்கீதத்தில் மனிதருக்கு அப்படி ஒரு பிரியம். நண்பர்கள் கூடினால் தாகூர் பாட்டுத்தான். ஊரில் பிரச்சினை என்றால் கூடுவதும், கூடினால் பாடுவதும், நிதி திரட்டுவதும், யாராவது ஒரு செனட்டரைப் பிடிக்க முடியுமா என்று பார்ப்பதும் வெளிநாட்டில் இருக்கிற நம்மவர்களுக்கும் பழக்கமான வேலைகள்தானே. 1982இல் ஜித்தாவில் இருந்தபோது மாரடைப்பில் இறந்துபோனார். வயது 52. ஜித்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்காக வெள்ளைக் கூடாரங்களை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு முனையம் இருக்கிறதே, அதன் பொறியாளரும் இவர்தான். உடலைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து கிரேஸ்லேண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அதே தோட்டத்தில்தான் லூயி சல்லிவனும் மீஸ் வான் டெர் ரோவும் இருக்கிறார்கள். கட்டடக் கலைஞர்களுக்கு அதைவிடப் பெரிய பக்கத்து வீடு கிடைக்காது.

2009இல் ஒபாமா கெய்ரோவில் பேசியபோது அமெரிக்க முஸ்லிம்கள் இந்த நாட்டுக்குச் செய்தவற்றைச் சொல்லிக்கொண்டு வந்து, எங்கள் மிக உயரமான கட்டடத்தைக் கட்டினார்கள் என்றார். பெயர் சொல்லவில்லை. அது கான்தான். டவரின் ஓரத்தில் ஜாக்சன், ஃப்ராங்க்ளின் தெருக்கள் சேருகிற முனையில் அவர் பெயர் தாங்கிய தெருப்பலகை ஒன்று உண்டு. அடுத்த முறை போகிறவர்கள் அண்ணாந்து பாருங்கள்.

சரி, ஊரைப் பார்ப்போம்.

கிழக்கு ஜன்னலில் ஏரி. பெயர்தான் ஏரி. மிச்சிகன் ஏரியின் பரப்பு 58,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் பாதியை நெருங்கும். மறுகரை தெரியாது. நல்ல வெயில் நாளில் தெற்கே இண்டியானா கரை வளைவதும், அங்கே கேரி நகரத்து எஃகாலைகளும் தெரியும். இலினாய், இண்டியானா, மிச்சிகன், விஸ்கான்சின் என்று நான்கு மாநிலங்கள் தெரியும் என்பார்கள். கோடு எதுவும் போட்டிருக்கவில்லை என்பதால் இதை நம்பித்தான் ஆக வேண்டும்.

ஏரியைக் கூர்ந்து பார்த்தால் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தண்ணீருக்கு நடுவில் சின்னச் சின்னதாக வட்டக் கட்டடங்கள் நிற்கும். பலர் கப்பல் என்று நினைப்பார்கள். அவை ஊருக்குக் குடிநீர் இழுக்கிற இடங்கள். அவ்வளவு தள்ளிப் போய் இழுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. டவரின் காலடியில் ஓடுகிற சிகாகோ ஆறு ஒரு காலத்தில் ஊர்ச் சாக்கடையையும் மாட்டு இறைச்சிக் கூடங்களின் கழிவையும் சுமந்துகொண்டு இதே ஏரியில்தான் கலந்தது. சாக்கடை போகிற இடமும் தண்ணீர் எடுக்கிற இடமும் ஒன்று. 1900இல் பெரிய கால்வாய் ஒன்றை வெட்டி ஆற்றையே திருப்பி ஓட விட்டார்கள். ஏரிக்குள் விழுந்த ஆறு இப்போது ஏரியிலிருந்து கிளம்பி, தென்மேற்கே போய், மிசிசிப்பியில் சேருகிறது. கீழே இருந்த செயின்ட் லூயிஸ்காரர்கள் உங்கள் அழுக்கை எங்கள் பக்கம் அனுப்புகிறீர்களா என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1906இல் வழக்குத் தோற்றது. ஆற்றுத் தண்ணீர் வழக்கு என்றால் சித்தப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, காவிரிக்காரர். "மேல இருக்கிறவன் கைதான் ஓங்கும்" என்றார்.

ஏரிக்கும் கட்டடங்களுக்கும் நடுவில் ஒரு பச்சைப் பட்டை தெரியும். கிராண்ட் பார்க். உலகத்தில் எந்த ஊரிலும் தண்ணீரைப் பார்த்த மனைக்குத்தான் விலை அதிகம். இங்கே அதைக் காலியாக விட்டிருக்கிறார்கள். 1836இல் போட்ட வரைபடத்தில் இந்த இடம் பொதுவாக, என்றைக்கும் கட்டடம் இல்லாமல் திறந்தே கிடக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். எழுதி வைத்தால் யார் மதிக்கிறார்கள்? 1871 பெருந்தீயில் ஊர் எரிந்தபோது இடிபாடுகளை இங்கே ஏரிக்குள் தள்ளினார்கள், நிலம் வளர்ந்தது, குப்பையும் கொட்டகையும் வந்தன. 1890இல் மாண்ட்கமரி வார்ட் என்ற வியாபாரி நகராட்சி மேல் வழக்குப் போட்டார். இருபது வருடங்களுக்கு விடவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாரும் அவரைத் திட்டினார்கள். கடைசியில் ஜெயித்தார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. வார்ட் 1872இலேயே பட்டியல் புத்தகம் அச்சடித்து அனுப்பித் தபாலில் சாமான் விற்றவர். அவரைப் பார்த்துப் பின்னால் வந்து, அதே வியாபாரத்தில் அவரை முந்திய போட்டிக் கம்பெனி சியர்ஸ். வீட்டையே துண்டு துண்டாகத் தபாலில் விற்ற கம்பெனி அது. மரங்களுக்கு எண் போட்டு ரயிலில் அனுப்பிவிடுவார்கள், வாங்கியவர் சேர்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். 1969இல் மூன்றரை லட்சம் ஊழியர்களோடு உலகத்திலேயே பெரிய சில்லறை வணிக நிறுவனமாக இருந்தபோதுதான் சியர்ஸ் இந்த டவரைக் கட்ட முடிவு செய்தது. சியர்ஸ் முதலாளிகள் தங்கள் சொந்த உயரத்திலிருந்து ஏரியைப் பார்த்தபோது, இடையில் ஒரு கட்டடமும் மறைக்காமல் தெரிந்தது என்றால் அது போட்டிக்காரன் கொடுத்த கொடை. அந்த இரண்டு கம்பெனிகளும் இன்றைக்கு அந்த நிலையில் இல்லை. சியர்ஸ் 1990களிலேயே டவரைக் காலி செய்துகொண்டு புறநகருக்குப் போய், 2018இல் திவால் மனு கொடுத்தது. 2009இல் வில்லிஸ் என்ற லண்டன் காப்பீட்டுத் தரகு நிறுவனத்தின் பெயர் டவருக்கு வந்தது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சியர்ஸ் டவர் என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தப் பூங்காவில் விலக்குப் பெற்ற ஒரு கட்டடம் உண்டு. மிச்சிகன் அவென்யூ ஓரத்தில், வாசலில் இரண்டு சிங்கங்களோடு இருக்கிற கலைக்கூடம். மேலேயிருந்து அதன் கூரைதான் தெரியும். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். சித்தப்பா ஜன்னலில் மூக்கு படும்படி நின்று அதைத் தேடினார். காரணம் உண்டு, சித்தி ராமநாதபுரம். விவேகானந்தரைச் சிகாகோவுக்குப் போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். 1897இல் திரும்பி வந்து பாம்பனில் இறங்கியபோது சேதுபதியே போய் வரவேற்றார். அந்தக் கதையைச் சித்தி வீட்டில் எல்லாருக்கும் சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். செல்ஃபோனில் கூரையைப் படம் பிடித்து உடனே அனுப்பினார். அதில் ஒரு சாம்பல் நிறச் சதுரம் மட்டும் இருந்தது. சித்தி அதற்கும் கும்பிடுகிற பொம்மை அனுப்பினார்.

வடக்கே உயரக் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், படங்களில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அதைவிட என் கண் போகிற இடம் பக்கத்திலேயே, கிழக்கே இரண்டு தெரு தள்ளி, லசால் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேருகிற முனை. 1885இல் வில்லியம் லெ பரான் ஜென்னி கட்டிய ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் அங்கேதான் இருந்தது. பத்து மாடி. எடையைச் சுவரில் ஏற்றாமல் உலோகச் சட்டகத்தில் ஏற்றியதால் உலகின் முதல் வானளாவி என்று பலர் சொல்வது அதைத்தான். 1931இல் இடித்துவிட்டார்கள். பத்து மாடியில் தொடங்கியதும் நூற்றுப் பத்து மாடிக்குப் போனதும் இரண்டு தெரு இடைவெளியில் நடந்திருக்கிறது.

இப்போது மேற்கு. கண்ணாடிப் பெட்டி வரிசை நிற்கிற பக்கம்.

முதல் பார்வைக்கு அங்கே ஒன்றுமில்லை. ஏரி இல்லை, கோபுரம் இல்லை. கீழே ஆறு, அதைத் தாண்டி யூனியன் ஸ்டேஷன், கொஞ்சம் தெற்கே பழைய தபால் அலுவலகம். அந்தத் தபால் அலுவலகத்தின் வயிற்றுக்குள் ஓட்டை போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை ஒன்று புகுந்து வெளியே வருகிறது, அதையே பத்து நிமிடம் பார்க்கலாம். அதற்கப்பால் தட்டை நிலம், வானம் முடிகிற வரை. வடமேற்கே ஓஹேர் விமான நிலையத்துக்கு இறங்குகிற விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவது தெரியும்.

கொஞ்ச நேரம் நின்றால் தெருக்கள் பிடிபட ஆரம்பிக்கும். எல்லாம் நேர்க்கோடு. கிழக்கு மேற்காக ஒரு தொகுதி, வடக்கு தெற்காக ஒரு தொகுதி. அடிவானம் வரை ஒரு தெருவும் வளையவில்லை. 1785இல் அமெரிக்க அரசு இந்தப் பக்கத்து நிலங்களை எல்லாம் மைலுக்கு மைல் சதுரமாக அளக்கச் சட்டம் போட்டது, அந்த அளவுக்கோடுதான் பின்னால் பெருந்தெருக்களாக ஆனது. 1909இல் ஸ்டேட், மேடிசன் தெருக்கள் வெட்டுகிற முனையைப் பூஜ்யம் என்று வைத்து மொத்த ஊருக்கும் கதவு எண் போட்டார்கள். மைலுக்கு 800 எண். மேற்கே 2400 என்றால் மூன்று மைல், கணக்கு முடிந்தது. வழி கேட்காமலே எந்த வீட்டுக்கும் போய்விடலாம்.

"புதுத் தெரு, பழைய தெரு, குறுக்குத் தெரு, குறுக்குத் தெரு விரிவு, இதெல்லாம் கிடையாதா?" என்று கேட்டார் சித்தப்பா.

கிடையாது. ஆனால் இந்தச் சதுரங்களைக் கோணலாக அறுத்துக்கொண்டு ஓடுகிற ஒன்றிரண்டு தெருக்கள் இருக்கின்றன. மில்வாக்கி அவென்யூ ஒன்று. அது எந்த அதிகாரியும் அளந்து போட்டதல்ல. இங்கே முதலில் இருந்த பூர்வகுடிகள் நடந்து நடந்து உண்டான தடம். ஊரையே கட்டம் போட்டவர்களால் அதை அழிக்க முடியவில்லை, மேலே தார் போட்டு விட்டுவிட்டார்கள். தரையில் அந்தத் தெருவில் கார் ஓட்டும்போது இந்த ஆறு முனைச் சந்திப்புகளை யார் வைத்தார்கள் என்று எரிச்சலாக வரும். மேலேயிருந்து பார்த்தால்தான் ஏன் என்று தெரிகிறது. இதற்காகத்தான் இவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பது என் கட்சி. கீழே சிதறிச் சிதறித் தெரிவது மேலே ஒரே பக்கத்தில் எழுதினாற்போல் கிடக்கிறது.

பெட்டிக்குள் போகாமல் விட்டோமா என்றால் இல்லை. சித்தப்பா போனார். ஓரத்தில் நின்று கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தார், உள்ளே கால் வைத்தார், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான்தான் வாசலில் நின்று படம் எடுத்தேன். பின்னால் ஒரு அம்மா மகளைப் பிடித்துக்கொண்டு "நான் வரலை, நீ போ" என்று சத்தமாகத் தெலுங்கில் சொல்லிக்கொண்டிருந்தார், சொல்லிக்கொண்டே உள்ளேயும் போய்விட்டார்.

நாலு நாள் கழித்து ஹான்காக் கட்டடத்துக்கும் போனோம். வடக்கே ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது, 100 மாடி, 1969இல் முடிந்தது. அதுவும் கானும் கிரஹாமும் சேர்ந்து செய்ததுதான். அதற்கும் பெயர் போய்விட்டது, 2018இலிருந்து வெறும் கதவு எண்தான், 875 நார்த் மிச்சிகன் அவென்யூ. யாரும் அப்படிச் சொல்வதில்லை. இங்கே குழாயை இறுக்க வேறு வழி. வெளிச்சுவரில் தரையிலிருந்து உச்சி வரை பெரிய பெரிய குறுக்குச் சட்டங்கள், பெருக்கல் குறி மேல் பெருக்கல் குறியாக. அப்படிச் செய்ததால் எஃகு வெகுவாக மிச்சமானது. ஜன்னலுக்கு நடுவில் சட்டம் குறுக்கே ஓடுகிறதே என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்களாம். பின்னால் அதுவே பெருமையாகிவிட்டது.

சித்தப்பா தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை முடிஞ்சும் முட்டுக்கட்டையைப் பிரிக்காம விட்டுட்டாங்க போல."

கான் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இரண்டில் எதற்குப் போவது என்று கேட்கிறவர்களுக்கு: ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், ஊரைப் படிக்க வில்லிஸ், கரையையும் ஏரியையும் பார்க்க ஹான்காக். ஹான்காக்கில் 94ஆம் மாடியில் பார்வைத் தளம். அங்கே ஆட்களோடு சேர்த்து ஜன்னலையே வெளிப்பக்கம் சாய்க்கிற ஒரு ஏற்பாடும் இருக்கிறது, அதுவும் பெட்டிக் கதைதான். அங்கிருந்து பார்த்தால் வில்லிஸ் டவர் முழுசாகத் தெரியும், வில்லிஸில் நின்றால் வில்லிஸ் தெரியாது என்பது ஒரு நியாயம். 96ஆம் மாடியில் ஒரு மதுக்கூடம் இருந்தது. டிக்கெட் வாங்காமல் ஒரு பழரசத்துக்குக் காசு கொடுத்து அதே காட்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நம்மவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். 2023இல் மூடிவிட்டார்கள்.

சாயங்காலம் சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஏறினால் பகலும் விளக்கும் இரண்டும் கிடைக்கும், ஆனால் கூட்டமும் அப்போதுதான். காலையில் திறந்ததும் போனால் மேற்குப் பக்கம் வெளிச்சம் நன்றாக விழும். கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பாருங்கள். மேகம் தாழ்ந்திருந்தால் 103ஆம் மாடியில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். அன்றைக்கு டிக்கெட் காசை டெவான் அவென்யூவில் தோசைக்குக் கொடுப்பது உத்தமம்.